கொள்முதல் பணமும் தள்ளுபடிப் பந்தலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுவை நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறத் தொடங்குகிற வாரத்தில்தான் தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தை ஜவுளிக்கடையும் நகைக்கடையும் எடுத்துக்கொள்கின்றன. பத்திரிகை நடக்க விளம்பரம் வேண்டும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர் கையில் இருப்பது எப்படிப்பட்ட பணம் என்பது பற்றி அதே இதழில் ஒரு பத்திகூட வருவதில்லை. அந்தக் கணக்கைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

டெல்டாவில் பணம் மாதாமாதம் வருவதில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை மொத்தமாக வருகிறது. குறுவை புரட்டாசியில் அறுபடும், பின்னாலேயே தீபாவளி. சம்பாவும் தாளடியும் தை தொடங்கி பங்குனி வரை அறுபடும், பின்னாலேயே அட்சய திருதியை. விளம்பரக்காரர் நம் சாகுபடிப் பட்டத்தை நம்மைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறார். ஆடி மட்டும்தான் இந்தக் கணக்கில் வராது. மேட்டூர் திறந்து, நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து, உரம் போட்டுக் கை காய்ந்து கிடக்கிற மாதம் அது. கல்யாணம் இல்லாததால் கடையில் சரக்கு தேங்கும், அதைத் தள்ளவே தள்ளுபடி வந்தது. ரொக்கம் வைத்திருந்தவருக்கு அந்தக் காலத்தில் அது லாபம்தான். இப்போது கடை வாசலிலேயே கடன் கொடுக்கிறவரும் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டதால், காசில்லாத மாதத்திலும் வாங்க முடிகிறது. பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து நடப்பதும் ஆடி, ஆவணியில்தான். வட்டியில்லாமல் மொத்தமாக வரும் அந்தப் பணம் முதலாகாமல் தவணைக்கு முன்பணமாகப் போவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. மொய் நோட்டில் எழுதியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பது முறை வரும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

முதலில் ஒரு மூட்டைக் கணக்கு. மூன்று ஏக்கர் சம்பா போட்ட குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 30 மூட்டை கண்டால் மொத்தம் 90 மூட்டை, அதாவது 54 குவிண்டால். 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலையும் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அத்தனையும் கொள்முதல் நிலையத்தில் போட்டால் 1,35,000 ரூபாய் வரும். செல்போனில் குறுஞ்செய்தியாக வந்து விழுவது இந்த எண். கடைக்காரர் கண்ணுக்குத் தெரிவதும் இதுதான். ஆனால் உழவு, நாற்றங்கால், நடவு, களை, உரம், மருந்து, அறுப்பு மிஷின், ஏற்றுக்கூலி என்று ஏக்கருக்கு 30,000 ரூபாய் போயிருந்தால், அதில் 90,000 ஏற்கனவே மண்ணில் போட்ட முதல். மிச்சம் 45,000. விதை தெளித்ததிலிருந்து பணம் ஏறுகிற வரை ஐந்து மாதம். மாதம் 9,000 ரூபாய் வருமானம்.

மூட்டைக்குப் பிரித்தால் கைக்கு வந்தது 1,500, மிஞ்சியது 500. ஆகவே 24,000 ரூபாய் டி.வி.யைப் பார்த்து “பதினாறு மூட்டைதானே” என்பது தப்புக் கணக்கு. அது 48 மூட்டை. ஒன்றரை ஏக்கருக்கும் மேலே, நாற்றுவிட்ட நாள் முதல் அறுப்பு வரை, முழுக்க அந்த ஒரு டி.வி.க்காகவே விளைந்திருக்கிறது. குத்தகை நிலமாக இருந்தால், குத்தகை நெல் அளந்த பிறகு மூட்டைக்கு அந்த 500-ம் நிற்காது. ஒவ்வொரு வீடும் தன் நிகர மூட்டை விலையைத் தானே கண்டுபிடித்து, சுவரில் தொங்கும் காலண்டரில் எழுதி வைக்கலாம். கண்டுபிடிக்கும்போது வழக்கமாக விட்டுப்போகிற செலவுகள் சில உண்டு: சாகுபடிக்கு அடகு வைத்த நகையின் வட்டி, வரப்பு வெட்டிய கூலி, ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டு களத்தில் மறுபடி காயவைத்த ஆள் கூலி, நிலையத்தில் முறைக்காகக் காத்திருந்த நாட்களின் தார்ப்பாய் வாடகை. இவற்றைச் சேர்த்தால் 500 என்பது 400 ஆகலாம். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே முறைதான். பஸ், டீ, மதியச் சாப்பாடு போக ஒரு நாள் கூலியில் மிஞ்சுவதைக் கொண்டு விலையை வகுக்க வேண்டும், முழுக் கூலியைக் கொண்டு அல்ல.

அடுத்தது “வட்டி இல்லை” என்ற விளம்பரம். அதே 24,000 ரூபாய் டி.வி. எட்டுத் தவணை, தவணைக்கு 3,000, பூஜ்ய வட்டி என்று போட்டிருக்கும். முதல் இரண்டு தவணையைக் கடையிலேயே கட்டச் சொல்வார்கள். ஆவணக் கட்டணம் என்று ஒரு 700. இதே டி.வி.யை ரொக்கத்துக்குக் கேட்டால் 1,200 குறைத்து 22,800-க்குத் தருவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உண்மையான விலை 22,800. முதல் நாளே 6,700 கட்டியாயிற்று. ஆக நாம் வாங்கிய கடன் 16,100 மட்டும். அதற்கு ஆறு மாதத்தில் 18,000 திருப்பிக் கட்டுகிறோம். அதிகம் 1,900. மேலோட்டமாகப் பார்த்தால் மாதம் இரண்டு வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் போலத் தோன்றும். ஆனால் 16,100 ரூபாயும் ஆறு மாதம் முழுக்க நம்மிடம் இருக்கவில்லை, மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மூன்றேகால் வட்டி, வருடத்துக்கு 39 சதவீதம். ஊரில் ஒருவர் மூன்றேகால் வட்டி என்று சொன்னால் எழுந்து வந்துவிடுவோம். குளிர்சாதனக் கடையில் அதே வட்டி பூஜ்யம் என்ற பெயரில் வந்தால் கையெழுத்துப் போடுகிறோம். பூஜ்ய வட்டி என்று ஒன்று இருக்கவே முடியாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. விற்பவர் விட்டுக்கொடுக்க வேண்டிய தள்ளுபடிதான் வட்டியாக மாறி நிதி நிறுவனத்துக்குப் போகிறது. ஆகவே கடைக்குள் போனதும் முதலில் தவணையைப் பற்றிப் பேசக் கூடாது. “ரொக்கம் கொடுத்தால் கடைசி விலை என்ன?” என்று கேட்டு, அதைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிய பிறகுதான் தவணை பற்றிய பேச்சு. வரிசை மாறினால் அந்தத் தள்ளுபடி எவ்வளவு என்று நமக்குத் தெரியாமலே போய்விடும்.

பைக் கடனில் ஏமாற்று வேறு மாதிரி. 80,000 ரூபாய், 12 சதவீதம், இரண்டு வருடம், மாதம் 4,133 என்பார்கள். இந்த 12 என்பது முழு அசலுக்கும் கடைசி மாதம் வரை போடப்படும் வட்டி. குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 21.5 சதவீதம். இதைப் பென்சிலால் போட்டுப் பார்க்க முடியாது என்பதுதான் அவர்களுக்கு வசதி. ஆனால் 2024 அக்டோபர் முதல், வங்கியோ நிதி நிறுவனமோ, தனிநபர் வாங்கும் கடன் எதற்கும் கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கை என்ற தாளைக் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட வட்டி அதில் ஒரே எண்ணாக இருக்கும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி. தமிழில் கேளுங்கள். “அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்” என்றால் கையெழுத்தையும் அப்புறமே போடலாம்.

தங்கத்தைப் பற்றிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. கணக்கு எளிதாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று வைப்போம். ஒரு பவுன் சங்கிலி 80,000. சேதாரம் 14 சதவீதம் என்றால் 11,200. இரண்டுக்கும் சேர்த்து 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,736. மொத்தம் 93,936 ரூபாய். கடையை விட்டு வெளியே வந்ததும் அந்தச் சங்கிலியின் மதிப்பு 80,000-தான். விற்கப் போனால் அதிலும் கொஞ்சம் கழிப்பார்கள். தங்கம் 17 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு வாங்குவது வேறு, அதற்கு யாரிடமும் நியாயம் சொல்ல வேண்டியதில்லை. முதலீடு என்று நினைத்து வாங்கினால் இந்தப் பதினேழைத் தெரிந்து வாங்க வேண்டும். பில்லில் நிகர எடை, கல் எடை, சேதார சதவீதம் மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா, நகையில் ஹால்மார்க்கோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் குறி 2023 ஏப்ரல் முதல் கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதை அடித்தால் நகையின் தரம் தெரியும். பதினொரு மாத நகைச் சீட்டு ஏன் பன்னிரண்டு மாதமாக இல்லை என்று யோசித்திருப்பீர்கள். பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் ஈடுகட்டாவிட்டால், நிறுவனச் சட்ட விதிப்படி அது டெபாசிட் ஆகிவிடும், கட்டுப்பாடுகள் வந்துவிடும். வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடு இந்தச் சீட்டுக்குக் கிடையாது.

சித்திரையில் வாங்கிய சங்கிலி ஜூனில் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜூனில் பள்ளிக் கட்டணம், குறுவைக்கு விதையும் உழவும், இரண்டும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். 93,936 கொடுத்து வாங்கிய சங்கிலியை அடகு வைத்தால், மதிப்பில் முக்கால் பங்கு என்று கொண்டாலும் 60,000 கிடைக்கும், அதற்கும் வட்டி. அந்தப் பணத்தை இரண்டு மாதம் வங்கியிலேயே விட்டிருந்தால் கடனே வேண்டாம். மேட்டூர் திறக்க வேண்டிய ஜூன் 12 எல்லாரும் அறிந்த தேதி; பள்ளி திறப்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை எதிர்பாராத செலவு என்று சொல்ல முடியாது.

இனிச் செய்ய வேண்டியது. பணம் ஏறிய அன்றே பிரித்துவிட வேண்டும். மறுநாள் என்றால் நடக்காது. முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பயிர்க்கடன். உரிய தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது, ஒரு நாள் தப்பினாலும் அந்தச் சலுகை போய்விடும். உண்மையிலேயே வட்டியில்லாமல் கிடைக்கும் கடன் இது, இதற்கு யாரும் முழுப்பக்க விளம்பரம் கொடுப்பதில்லை. இரண்டாவது, அடுத்த போகத்தின் முதல். மேலே சொன்ன குடும்பத்துக்கு அது 90,000. இதை ஒரே வைப்புத்தொகையாகப் போடாமல் நான்கு, ஐந்து சிறு வைப்புகளாகப் போட வேண்டும். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் அதற்கு மட்டும்தான் வட்டி குறையும். மூன்றாவது, ஜூன் கட்டணம். மிச்சத்தைத்தான் வீட்டுச் செலவுக்கென மாதங்களால் வகுக்க வேண்டும்.

இதற்கு இரண்டு கணக்கு தேவை. கொள்முதல் பணம் வருகிற கணக்கை எந்த யு.பி.ஐ. செயலியோடும் இணைக்கக் கூடாது, அதன் டெபிட் கார்டும் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். இன்னொரு கணக்குக்கு மாதம் முதல் தேதி ஒரு தொகை தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டால், செல்போனில் இருப்பது அந்த மாதத்துச் சம்பளம் மட்டும். இதில் கெடுவது ஒரே இடத்தில்: பழைய கடன் தவணை ஏதாவது இந்த இரண்டாவது கணக்கில் தானியங்கிப் பிடித்தமாக இருந்து, பிடிக்கும் நாளில் இருப்பு குறைந்தால், வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்தவர் இன்னொன்று போடுவார். பிடித்தத் தேதியைப் பார்த்து, அதற்கு மூன்று நாள் முன்பாகப் பணம் மாறும்படி உத்தரவை வைக்க வேண்டும்.

சாப்பாட்டு நெல்லைப் பணமாக்காமல் ஒதுக்குவதும் சேமிப்புதான். 60 கிலோ மூட்டையில் அரிசி சுமார் 38 கிலோ தேறும். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் 40 கிலோ என்றால் வருடத்துக்குப் பதின்மூன்று மூட்டை. ரேஷன் அரிசியை இட்லிக்கும் தோசைக்கும் வைத்துக்கொண்டால் இன்னும் குறையும். ஆனால் கொள்முதலுக்குப் போகிற ஈரத்தோடு பத்தாயத்தில் கொட்டக் கூடாது. 14 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சூடேறி அரிசி மஞ்சளிக்கும், அந்துப்பூச்சி வைக்கும். அடுக்குக்கு இடையே காய்ந்த நொச்சி இலை போடுவது பழைய பழக்கம், இன்றும் செய்யலாம்.

கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்பதற்கு நகரத்துப் புத்தகங்கள் ஆறு மாதச் செலவு என்கின்றன. இங்கே அது போதாது. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கப்படவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு, தென்னை போனால் மறுகன்று காய்க்கவே பல வருடம். ஆறு மாத வீட்டுச் செலவோடு ஒரு போகத்தின் சாகுபடிச் செலவும் சேர்ந்ததுதான் டெல்டாவின் குறைந்தபட்சக் கையிருப்பு. பயிர்க் காப்பீடு இதற்கு மாற்று அல்ல. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், அதைக் கட்டாமல் விடக் கூடாது. ஆனால் இழப்பு கணக்கிடப்படுவது பரிசோதனைத் திடலில் அறுத்த சராசரி மகசூலை வைத்து. நம் வயலில் மட்டும் மகசூல் குறைந்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தோடு கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே இ-சேவை மையத்துக்குப் போவது நல்லது, கடைசி நாளில் சர்வர் தொங்கும்.

அந்தக் கையிருப்பு சேர்ந்த பிறகுதான் நீண்டகாலச் சேமிப்பு. பெண் குழந்தைக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டம்: பத்து வயதுக்குள் தொடங்கி வருடத்துக்கு 250 ரூபாயிலிருந்து 1.5 லட்சம் வரை போடலாம், 15 வருடம் கட்டினால் போதும், 21 வருடத்தில் முதிரும். மாதம் 1,000 ரூபாய், 7 சதவீதக் கூட்டு வட்டி என்று வைத்துக்கொண்டால் 15 வருடத்தில் ஏறத்தாழ 3 லட்சத்து 17 ஆயிரம். நாம் போட்டது 1,80,000. முப்பது வயதுக்காரர் அடல் பென்ஷனில் மாதம் 577 கட்டினால் அறுபதுக்கு மேல் மாதம் 5,000. வருமான வரி கட்டுகிறவர்கள் புதிதாகச் சேர முடியாது. விபத்துக் காப்பீட்டுக்கு வங்கியில் வருடம் 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய். ஒவ்வொன்றும் 2 லட்சத்துக்கு. இவற்றுக்கெல்லாம் நடிகர் வந்து சிரிப்பதில்லை, ஆகவே பலருக்குத் தெரிவதுமில்லை.

தண்டலும் குழுக்கடனும் பெண்கள் தலையில் விடிகிற விஷயம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம். நூறு நாள் தண்டலில் 10,000 என்று எழுதி 9,000 கொடுத்து, தினம் 100 வசூலிப்பார்கள். பார்வைக்குப் பத்து சதவீதம். உண்மையில் மாதம் ஆறு வட்டிக்கும் மேல். மகளிர் குழுக்கடனில் ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் தெளிவானவை. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. கடனோடு சேர்த்து மிக்சி, தண்ணீர் சுத்திகரிப்பான், காப்பீடு என்று எதையும் நம் முழுச் சம்மதம் இல்லாமல் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அதன் கட்டணம் கடன் அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நடைமுறையில் கெடுவது வருமானம் எழுதும் இடத்தில்தான். விண்ணப்பத்தை நிரப்புகிற பணியாளர் அறுவடை மாத வருமானத்தைப் பன்னிரண்டு மாதமும் வருவதுபோல எழுதிவிடுவார், பாதி என்ற வரம்பு அங்கேயே உடைந்துவிடும். அந்தக் கட்டத்தை நாமே பார்த்து, வருட நிகரத்தைப் பன்னிரண்டால் வகுத்து எழுதச் சொல்ல வேண்டும். புகாரை முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் தர வேண்டும். தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448.

தீபாவளி எக்ஸ்சேஞ்ச் மேளாவுக்குப் போகிற மிக்சிகளில் பாதி ஓடக்கூடியவை என்று பழுதுபார்க்கிறவர்கள் சொல்வார்கள். மிக்சி நின்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானைப் பார்க்க வேண்டும். சுமை கூடினால் தானாக அணைகிற அமைப்பு அது, ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். மோட்டார் ஓடியும் பிளேடு சுற்றாவிட்டால் கப்ளர் பல் தேய்ந்திருக்கிறது. பொறி பறந்து, விட்டுவிட்டு ஓடினால் கார்பன் பிரஷ். அதை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் சாய்ந்து தேயும். ஜார் அடியில் கசிந்தால் புஷ்ஷும் வாஷரும். எல்லாமே சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. வைண்டிங் கருகின வாடை வந்தால் மட்டும்தான் புதுசு பற்றி யோசிக்க வேண்டும். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர். 2.5 மைக்ரோஃபாரட் என்று அதன் மேல் எழுதியிருந்தால் அதே அளவைத்தான் கேட்டு வாங்க வேண்டும். வேகம் வரட்டும் என்று பெரிதாகப் போட்டால் வைண்டிங் சூடேறும். பழைய பொருளுக்கு 1,500 தருகிறோம் என்றால், பழையதைத் தராமல் வாங்கினால் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், பல நேரம் வித்தியாசம் முந்நூறுதான் வரும். கும்பகோணத்துப் பித்தளைக் குடம் நசுங்கினாலும் எடைக்கு விலை போகும். பூச்சு உரிந்த தவாவுக்கு அப்படி ஒரு சந்தை இல்லை.

டிராக்டர் விளம்பரத்தில் விவசாயி மீசையை முறுக்குவார். ஆறு லட்சம் கடன், 12 சதவீதம், ஐந்து வருடம் என்றால் வருடத்துக்கு 1,60,000 கட்ட வேண்டும். ஐந்து ஏக்கருக்கு இரண்டு போகமும் சேர்த்து உழவு நாற்பது மணி நேரம். வாடகைக்கு விட்டால் டீசலும் ஓட்டுநர் கூலியும் போக மணிக்கு 500 மிஞ்சும் என்று வைத்தாலும், தவணைக்கு மட்டும் 320 மணி நேரம் ஓட வேண்டும், டயரும் சர்வீஸும் தனி. உழவு நேரம் எல்லாருக்கும் ஒரே மூன்று வாரத்தில் வருவதால் அத்தனை மணி நேரம் கிடைப்பது கடினம். உழவன் செயலி வழியாக வேளாண் பொறியியல் துறை வாடகை வண்டியை முன்பதிவு செய்வது, அல்லது நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குவது, இரண்டில் ஒன்று.

செல்போனுக்குள் வரும் விளம்பரத்துக்கு வைத்தியம் எளிது. ஸ்டார்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு 0 சேர்த்து 1909-க்கு அனுப்பினால் விளம்பர அழைப்பும் குறுஞ்செய்தியும் பெருமளவு நிற்கும். யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து, மாதாமாதம் சத்தமில்லாமல் போகிற பிடித்தங்களை ரத்து செய்யலாம். கடைசித் திரையில் தானாகவே டிக் போட்டு வைத்திருக்கும் காப்பீடு, கூடுதல் வாரண்டி போன்ற தந்திரங்களில் பதின்மூன்றை மத்திய அரசு 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது, புகாருக்கு 1915.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். தவணை விளம்பரம் வாங்கும்போது ரொக்க விலை, மொத்தமாகக் கட்டும் தொகை, வருட வட்டி மூன்றையும் தவணைத் தொகை அச்சாகும் அதே அளவு எழுத்தில் போடும்படி விளம்பரதாரரிடம் நிபந்தனை வையுங்கள். இப்போது அது நட்சத்திரக் குறி போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில் இருக்கிறது. செய்தி போலவே எழுதி வரும் விளம்பரங்களுக்கு மேலே “விளம்பரம்” என்ற சொல் தலைப்பின் அளவிலேயே இருக்கட்டும். புரட்டாசியிலும் தையிலும் டெல்டா பதிப்பில், அந்தந்த வாரக் கொள்முதல் விலைக்குப் பக்கத்தில், கூட்டுறவுப் பயிர்க்கடன் கட்ட வேண்டிய தேதியையும் காப்பீட்டுக் கடைசி நாளையும் கால் பக்கத்தில் போடுங்கள். முதல் பக்கத்தில் வேண்டாம், அது ஏற்கனவே விற்றுப்போயிருக்கும். மூன்றாம் பக்கத்தில் போதும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
வலங்கைமான் வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.